வேகமும் மின்கலமும்: கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாறு

கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை மின்கலத்தின் வரலாறாகவும் எழுதலாம். உண்மையில் வெற்றி தோல்வியைப் பல தடவைகள் தீர்மானித்தது மின்கலமே.

1989 ஏப்ரலில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம்போய் கருவியை வெளியிட்டது. வண்ணமில்லாத, பின்னொளியும் இல்லாத திரை. செயலியின் வேகமோ 4 மெகாஹேர்ட்ஸைச் சற்றே தாண்டியது. அதே ஆண்டில் அற்றாரியின் லிங்ஸ், 1990இல் சேகாவின் கேம்கியர் ஆகியன வண்ணத் திரையுடனும் பின்னொளியுடனும் போட்டிக்கு வந்தன. ஆனால் அவை 6 மின்கலங்களை விழுங்கி, நான்கைந்து மணி நேரத்தில் ஓய்ந்துபோயின. கேம்போய் 4 மின்கலங்களில் 15 மணி நேரமாவது இயங்கியது. அதுவும் அதன் வண்ணப் பதிப்புமாக 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகின. கேம்கியரின் விற்பனை அதில் பத்திலொரு பங்கையும் எட்டவில்லை.

கேம்போயின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் குன்பே யொகோய். பழகித் தேய்ந்த, மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அவரது கொள்கை. 1996இல் நின்டெண்டோவை விட்டு விலகிய அவர், 1997 ஒக்ரோபரில் வீதி விபத்தொன்றில் மரணமானார். அவரது பங்களிப்புடன் உருவான வொண்டர்ஸ்வான் கருவியை 1999இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்டது. அது ஒரேயொரு மின்கலத்தில் 30 மணி நேரம் வரை இயங்கியது.

யொகோய் தீர்த்துவைத்த சிக்கல், எமுலேற்றர்களின் வருகையுடன் வேறு வடிவில் திரும்பி வந்தது. ஒரு கருவியை இன்னொரு கருவியாக நடிக்க வைக்கும் மென்பொருளே எமுலேற்றர். பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் புதிய செயலி தன் மொழியில் பெயர்த்துச் செய்ய வேண்டும். ஒரு கட்டளைக்குப் பல கட்டளைகள் செலவாகின்றன. நடிப்பு எவ்வளவு துல்லியமாகிறதோ அவ்வளவுக்குச் செலவும் ஏறும். 2004இல் தொடங்கப்பட்ட பிஎஸ்நெஸ் என்ற எமுலேற்றர் துல்லியத்தையே குறிக்கோளாகக் கொண்டது. முந்தைய மென்பொருள்களைவிடப் பல மடங்கு கணிப்புத் திறனை அது கேட்டது.

தென்கொரியாவில் 2001இல் வெளியான ஜிபி32, 2005இல் வந்த ஜிபி2எக்ஸ் ஆகிய இரண்டும் இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கியவை. எவரும் மென்பொருள் எழுத இடம் கொடுத்தமையால் அவை எமுலேற்றர் ஆர்வலர்களின் கருவிகளாயின. செயலியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டது இங்கேதான். சோனியின் பிஎஸ்பி இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. 2004இல் ஜப்பானில் வெளியான அதன் செயலி 333 மெகாஹேர்ட்ஸில் இயங்க வல்லது. ஆயினும் விளையாட்டுகளுக்கு 222 மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2007இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டின் காரணம் இயற்பியலில் உள்ளது. செயலியின் மின்செலவு வேகத்துக்கு ஏற்ப மட்டும் கூடுவதில்லை. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதுண்டு. அழுத்தம் கூடும்போது செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. எனவே கடைசியில் பெறும் சிறிதளவு வேகமே மிக அதிக விலை கொண்டது.

எமுலேற்றர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. புதிய விளையாட்டுகளின் பசிக்கு எல்லையில்லை. பழைய விளையாட்டுகளுக்கோ எல்லை தெரியும். கேம்போய் செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்களையே காட்டியது. அதனைச் சரியாக எட்டிவிட்டால் மேலதிக வேகத்தால் பயனில்லை, வெப்பமே மிச்சம். 2022இல் வெளிவந்த ஸ்ரீம் டெக் கருவியின் மின்கலம் 40 வாட் மணி கொள்ளளவு உடையது. கருவி முழுவதுமாக 20 வாட் உறிஞ்சினால் அது இரண்டு மணி நேரம் தாங்கும். செயலியின் உச்ச வரம்பைக் குறைத்துச் செலவை 8 வாட்டுக்கு இறக்கினால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். பழைய விளையாட்டோ அதே வேகத்தில்தான் ஓடும்.

இது பொழுதுபோக்கு பற்றிய சிறு கணக்கு மட்டுமல்ல. விளையாட்டு வீரரின் முன்னேற்றத்தை நினைவில் வைத்திருக்கப் பல கேம்போய் பேழைகளுக்குள் நாணய வடிவிலான சிறு மின்கலம் பொருத்தப்பட்டிருந்தது. அவை இன்று ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு பலரது இளமைக்காலப் பதிவுகளும் அழிகின்றன. மூலக் கருவிகளின் உற்பத்தியும் எப்போதோ நின்றுவிட்டது. அந்த விளையாட்டுகள் இனி வாழப்போவது பெரும்பாலும் எமுலேற்றர்களில்தான். பயணத்தின் நடுவே அணைந்துவிடும் கருவியில் அவற்றை எவரும் நெடுநேரம் ஆடப்போவதில்லை. போதுமான வேகம் எது என்று அறிந்து அங்கே நிறுத்திக்கொள்வதே யொகோய் விட்டுச்சென்ற பாடம். அவரது விளையாட்டுகளைக் காப்பாற்றப்போவதும் அதுவே.