கொல்வின்: 1956இலும் 1972இலும்

தமிழ் மேடைகளில் கலாநிதி கொல்வின் ஆர்.டி. சில்வாவின் பெயர் இரு விதமாக ஒலிப்பதுண்டு. இரு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரு நாடு என 1956இல் எச்சரித்த தீர்க்கதரிசி என்பார் ஒருவர். 1972 அரசியலமைப்பை ஆக்கிய துரோகி என்பார் மற்றவர். ஒரே மனிதர்தான். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் நிகழ்ந்ததே கவனத்துக்குரியது.

1956இல் அவர் எதை எதிர்த்து நின்றார் என்பதை இன்றைய தலைமுறை முழுமையாக உணர்வது கடினம். தென்னிலங்கை எங்கும் தனிச்சிங்கள அலை. ஐக்கிய தேசியக் கட்சியும் அவ்வாண்டு பெப்ரவரியில் களனி மாநாட்டில் அதற்குப் பணிந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் ஸ்தாபகர்களுள் ஒருவரான பிலிப் குணவர்த்தனவே பண்டாரநாயக்கவுடன் இணைந்துவிட்டார். ஆனால் சமசமாஜக் கட்சி அசையவில்லை. இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரி என்.எம். பெரேரா 1955 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். அம்மாதமே கொழும்பு நகர மண்டபத்தில் நடந்த கட்சிக் கூட்டம் காடையரால் தாக்கப்பட்டது. அக்கட்சிக்கு வாக்களித்தோர் பெரும்பாலும் சிங்களவர் என்பதை மறந்துவிடலாகாது. தமிழருக்காகப் பேசி அதற்குக் கிடைக்கக்கூடிய இலாபம் எதுவுமில்லை.

1956 ஏப்ரல் தேர்தலில் 14 ஆசனங்கள் கிடைத்தன. பண்டாரநாயக்கவுடனான போட்டித் தவிர்ப்பு உடன்பாடு அதற்கு உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஜூன் மாதத்தில் மொழிச் சட்டமூலம் வந்தபோது அவர்கள் எதிர்த்தே வாக்களித்தனர். 56க்கு 29 என்ற கணக்கில் அது நிறைவேறியது.

பிறகு வந்தது 1964 ஜூன். ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்வதெனக் கட்சி மாநாடு தீர்மானித்தது. கொல்வின் அதை விரும்பவில்லை. இடதுசாரி ஐக்கிய முன்னணியே வேண்டும் என்ற பிரிவில் அவரும் லெஸ்லி குணவர்த்தனவும் நின்றனர். ஆனால் தோற்றதும் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டுக் கட்சியிலேயே தங்கினர். எனது கணிப்பில் கொல்வின் வளைந்த இடம் இதுதான். தெருவில் கூச்சலிட்ட கூட்டத்துக்கு அஞ்சாதவரால், முப்பதாண்டு காலத் தோழர்களைப் பிரிய முடியவில்லை. கட்சிக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர் சொல்வார்கள்.

எட்மண்ட் சமரக்கொடி வெளியேறினார். அவ்வருட டிசம்பரில் அவரும் மேரில் பெர்னாண்டோவும் எதிர்த்து வாக்களிக்க, அரசு ஒரே வாக்கினால் தோற்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு வழிவிட்டவர் என்ற பழி அவர்மீது விழுந்தது. அது முற்றிலும் பொய்ப் பழியுமல்ல. 1965 தேர்தலில் தோற்ற அவர், 1992இல் மறையும்வரை பாராளுமன்றம் திரும்பவில்லை.

தங்கியவர்கள் பயணித்த தூரமோ பெரிது. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைப் பறிப்பை எதிர்த்த கட்சி, 1964 ஒக்டோபரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்த அரசில் அமர்ந்திருந்தது. 1966 ஜனவரியில், தமிழ் மொழிப் பிரமாணங்களுக்கு எதிராக இடதுசாரிகள் ஊர்வலம் சென்றனர். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்பது அங்கு எழுந்த கோஷம். பத்தாண்டுகளுக்கு முன் சம அந்தஸ்துக் கோரியவர்களின் ஊர்வலம் அது!

1970இல் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார் கொல்வின். 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்திருந்த சிறுபான்மையோர் காப்பும் மறைந்தது.

1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. கொல்வினும் தோற்றார். 1956இல் என்.எம். பெரேரா அமர்ந்த எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில், தனிநாட்டுக்கு ஆணை கேட்டு 18 இடங்களை வென்ற கட்சியின் சார்பில் அ. அமிர்தலிங்கம் அமர்ந்தார்.