காசிக்கு நடந்தோர் கட்டிய மூட்டை

சேது முதல் கங்கை வரை ஒரே புண்ணிய பூமி என்னும் எண்ணம், இருப்புப் பாதைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நாட்டு மக்கள் உள்ளத்தில் ஊறிக் கிடந்தது. அவ்வெண்ணத்தை வளர்த்தவர்கள் அரசர்களும் புலவர்களும் மட்டும் அல்லர். தோளில் ஒரு மூட்டையும் கையில் ஒரு செம்புமாகக் கால்நடையாய்ச் சென்று மீண்ட எளிய யாத்திரிகர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இராமேசுவரத்திலிருந்து காசி 1300 மைலுக்கு மேற்பட்ட தொலைவு. நாளொன்றுக்குக் காதவழி, அதாவது சுமார் 10 மைல், இடைவிடாது நடந்தாலும் போவதற்கு மட்டும் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். ஆறுகளில் வெள்ளம் வடியக் காத்திருந்த நாட்களையும், நோயுற்றுப் படுத்த நாட்களையும் கூட்டினால் போய் வர ஓராண்டு போதாது. இத்துணை நெடிய வழிக்கு அவர்கள் கொண்டு சென்றதோ ஒருவர் தோள் தாங்கும் சுமைதான். அது எங்ஙனம் போதுமானதாயிற்று?

யாத்திரைக்கு ஆயத்தம் செய்வது மூட்டை கட்டுவதிலிருந்து தொடங்கவில்லை. கடன் தீர்ப்பதிலிருந்து தொடங்கியது. போனவர் மீள்வது நிச்சயமன்று என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். ஆதலால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பங்காளிகளோடு இருந்த வழக்கை முடித்து, நிலத்தையும் வீட்டையும் மக்கள் பொறுப்பில் ஒப்புவித்து, பேசாதிருந்த உறவினர் வாயிலிலும் சென்று விடைபெற்றுக்கொள்வர். வயது முதிர்ந்தவர் புறப்படும்போது ஊரார் எல்லை வரை உடன் வந்து வழியனுப்பினர். அவ்வழியனுப்பில் பலருக்கு அதுவே இறுதி விடையாகவும் இருந்தது.

சாத்திர விதிகளும் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த நாராயண பட்டர் என்னும் பேரறிஞர், பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று தலங்களுக்கும் உரிய முறைகளைத் தொகுத்துத் 'திரிஸ்தலீசேது' என்னும் நூலை இயற்றினார். புறப்படுவதற்கு முன்னாள் உபவாசம் இருத்தல், விநாயகரை வழிபடுதல், பிதிர்களுக்கு நெய்யால் சிராத்தம் செய்தல் ஆகியவை அத்தகைய தரும நூல்கள் கூறும் முறைகள். கயைக்குச் செல்வோர் காவியாடை உடுத்துச் செப்பு மோதிரமும் செப்புக் காப்பும் அணிந்து, தம் ஊரை வலம் வந்து, அடுத்த ஊரில் சிராத்த சேடத்தை உண்டு நடக்க வேண்டும் என்பதும் அம்முறையில் சேர்ந்தது.

எடுத்துச் செல்லத் தகாதவை பற்றியும் அந்நூல்கள் பேசுகின்றன. வாகனத்தில் ஏறிச் செல்வோர்க்குப் பலனில் பாதி போகும். குடையும் பாதுகையும் கொண்டால் அதிற்பாதி போகும். வழியில் வாணிகம் செய்தால் நாலில் மூன்று பங்கு போகும். தானம் வாங்கினாலோ பலன் முழுவதும் போய்விடும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் செம்மண் பாதையில் நடந்தவர் பாதுகையை எவ்வளவு தூரம் துறந்தார் என்பது வேறு செய்தி. ஆயினும், சுமை குறையக் குறையப் பலன் கூடும் என்னும் கருத்து மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது.

இனி மூட்டைக்கு வருவோம். மாற்று வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, வடநாட்டுக் குளிருக்கு ஒரு கம்பளி. விபூதிப் பை, உருத்திராக்க மாலை. கிணற்றில் நீர் சேந்துவதற்கு ஒரு செம்பும் நீண்ட கயிறும். இவ்விரண்டும் இல்லாதவன் வழிநடைக்கு உதவான். தீ மூட்டச் சிக்கிமுக்கிக் கல், ஊசி நூல், நாய்க்கும் பாம்புக்கும் ஆற்றின் ஆழம் பார்ப்பதற்கும் ஒரு கைத்தடி. முதல் சில நாட்களுக்குப் புளிச்சோறு. அதன்பின் அவலும் வெல்லமும், வறுத்து இடித்த மாவும், நாட்பட்டுக் கெடாத புளிக்காய்ச்சலும், சுண்டை வற்றலும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவை ஒரு சிறு முடிச்சில் இருக்கும், அதுவே வைத்தியசாலை. கட்டுச்சோற்றைப் பண்டைத் தமிழர் 'ஆற்றுணா' என்றனர். ஆறு என்பது வழி. வழியில் உண்பது ஆற்றுணா. பணத்தைப் பெருந்தொகையாகக் கட்டிச் செல்லுதல் கள்வரை அழைப்பதாகும். ஆதலின் வசதியுள்ளவர்கள் வணிகரிடம் பணத்தைச் செலுத்தி உண்டியல் சீட்டுப் பெற்று, சேருமிடத்தில் அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டனர்.

இவையெல்லாம் வழியில் தேய்ந்து தீர்ந்து போகும் பொருள்கள். தீராமல் போற்ற வேண்டிய பொருள் ஒன்று உண்டு. முறைப்படி யாத்திரை செய்வோர் முதலில் இராமேசுவரம் சென்று, சேதுவில் நீராடி, அங்கிருந்து ஒரு பிடி மணலை எடுத்துத் துணியில் முடிவர். பிரயாகையில் கங்கையும் யமுனையும் கூடும் திரிவேணி சங்கமத்தில் அம்மணலைக் கரைத்துவிட்டு, கங்கைநீரைச் செம்பில் முகந்து, வாயை அடைத்துப் பற்றவைத்து, மீண்டும் இராமேசுவரம் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்விப்பர். போகும்போது மணல், வரும்போது நீர். சிலர் தாய் தந்தையரின் அஸ்தியையும் உடன் சுமந்தனர். கங்கையில் அதனைக் கரைக்கும்வரை அச்சிறு கலசத்தைத் தரையில் வையாமல் மரக்கிளையில் கட்டி வைத்துக் காத்தனர்.

மூட்டை இவ்வளவு சிறிதாக இருக்க முடிந்ததற்குக் காரணம் நடந்தவரின் துறவு மனப்பான்மை மட்டுமன்று. அவர் சுமக்க வேண்டியவற்றை வழியிலிருந்த தருமவான்கள் சுமந்தனர். சைவ உலகம் இதை நன்கு அறியும். பசியும் தாகமும் வருத்த நடந்துவந்த திருநாவுக்கரசருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் இறைவனே சோலையும் குளமும் அமைத்து, முதிய அந்தணராய்ப் பொதிசோறு ஏந்தி நின்றார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். அதே புராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்ணால் கண்டிராத நாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தர் வைக்கின்றார். நிழலும் நீரும் சோறும் ஆகிய இம்மூன்றையும் வழிநடப்போர்க்கு ஈவது இறைவன் செய்த பணி என்று கொண்டே பிற்காலத்தார் சாலையோரங்களில் சத்திரங்களை எழுப்பினர். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் சத்திரங்களை நிறுவி நிலங்களையும் எழுதி வைத்தனர்.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. அரசுரிமை போனபோதும் இரண்டாம் சரபோஜி மன்னரை வருத்திய கவலைகளுள் ஒன்று சத்திரங்களைப் பற்றியது. 1801-ஆம் ஆண்டு சனவரியில் ரெசிடெண்டாக இருந்த டோரின் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம், சத்திரங்களில் நடந்தவற்றை விரித்துரைக்கின்றது. அந்தணர் முதல் தீண்டாதார் எனப்பட்டவர் ஈறாக எல்லா வழிப்போக்கர்க்கும், யோகிகள், ஜங்கமர், பைராகிகள் முதலிய பலதிறத்து யாத்திரிகர்க்கும் அன்னம் அளிக்கப்பட்டது. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் அளந்து கொடுத்தனர். தானம் வாங்கினால் பலன் போகும் என்று அஞ்சிய ஆசாரசீலரும் தம் கையால் பொங்கி உண்டு நடக்க இது இடம் தந்தது போலும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ, வருக என்று கூவி அழைத்தனர். நோயுற்றவரை மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும் வரை வைத்துக் காத்தனர். விஷக்கடிக்கு மருத்துவர் இருந்தனர். குழந்தைகளுக்குப் பால் உண்டு. சத்திரத்தில் மகவு பெற்ற பெண் மூன்று மாதம் தங்கியிருக்கலாம். இறந்தவர்க்கு அவரவர் மரபுப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது. பெற்றோரை இழந்து நின்ற வழிப்போக்கர் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் தந்து, திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது.

இக்கடிதத்தைப் படிப்போர் யாத்திரிகரின் மூட்டையை மறுமுறை எண்ணிப் பார்க்கலாம். அரிசி மூட்டை இல்லை, ஏனெனில் அது சத்திரத்தில் இருந்தது. மருந்துப் பெட்டி இல்லை, ஏனெனில் அதுவும் அங்கே இருந்தது. வழியில் கண் மூடினால் கொள்ளி வைப்பார் யார், கைப்பிள்ளையின் கதி என்ன என்னும் சுமை எல்லாவற்றிலும் கனமானது. அதையும் சத்திரத்து மானியம் தாங்கிக்கொண்டது.

சரபோஜி மன்னரே 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை சென்றபோது சுமார் 3000 பேர் உடன் சென்றனர். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி ஐயர் 1830-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் புறப்பட்டு, ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசி, கயை கண்டு, கல்கத்தா, பூரி வழியாக 1831 செப்டம்பர் 3-ஆம் நாள் திரும்பினார். அவர் குழுவில் ஏறத்தாழ நூறு பேர், பல்லக்கும் உண்டு. வழியினின்றும் தம் நண்பர்க்கு அவர் தெலுங்கில் எழுதியவை 1838-இல் நூலாக வெளிவந்தன. பெரிய மனிதர் யாத்திரைக்கு வரலாறு கிடைத்துவிடுகிறது. செம்பும் கயிறுமாகப் போன ஆயிரவர் எழுதி வைக்கவில்லை.

சென்று சேர்ந்த இடத்திலும் தமிழர் தருமம் அவர்களுக்காகக் காத்திருந்தது. குமரகுருபர சுவாமிகள் 17-ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடமும், நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-இல் ஏற்படுத்திய சத்திரமும் மொழி தெரியாத ஊரில் தமிழ் கேட்கும் இடங்களாயின. 1870-க்குப் பின் இருப்புப் பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தபோது கால்நடை யாத்திரை விரைவில் குறைந்தது. மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. மூட்டையோ பெட்டியும் படுக்கையுமாகப் பெருத்தது.

செம்பு மட்டும் மாறவில்லை. காசியிலிருந்து மீண்டவர், இராமநாதருக்குக் கொணர்ந்த கங்கைநீர் போக, வாய் அடைத்த சிறு செம்புகள் சிலவற்றை உற்றாருக்கும் கொணர்ந்தார். ஊரில் சமாராதனை செய்து அவற்றை வழங்கினார். பெற்றவர்கள் அவற்றைப் பூசையறையில் வைத்துப் போற்றி, வீட்டில் ஒரு பெரியவர் இறுதி மூச்சு வாங்கும் வேளையில் வாயைத் திறந்து, துளசியோடு ஒரு கரண்டி நீரை அவர் வாயில் விட்டனர்.