குளோரின் போட்டாச்சு, பாத்திரத்துல கை விட்டாச்சு!

இன்னிக்கு நாம போகப்போறது பெரு நாட்டுக்கு. வருஷம் 1991.

ஜனவரி கடைசியில அந்த நாட்டோட கடற்கரை ஊர்கள்ல காலரா பரவ ஆரம்பிச்சுது. தென் அமெரிக்கா கிட்டத்தட்ட நூறு வருஷமா பார்க்காத நோய். அந்த ஒரே வருஷத்துல பெருவுல மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு, ஏறக்குறைய 2,900 மரணங்கள்.

இத்தனைக்கும் குளோரின் காலரா கிருமியைக் கொல்லும்ங்கிறது ரொம்பப் பழைய விஷயம். அமெரிக்காவுல ஜெர்சி சிட்டி 1908-லயே ஊருக்கே குளோரின் கலந்த தண்ணி கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?

ட்ருஹியோ நகரத்துல ஆய்வாளர்கள் இதைத் தேடினாங்க. முதல் காரணம், ஊர்த் தண்ணிக்கே குளோரின் போடல. இரண்டாவது காரணம் வீட்டுக்குள்ள இருந்துச்சு. தண்ணி எடுத்த இடத்தைவிட வீட்டுப் பாத்திரத்துல அசுத்தம் அதிகம். கை பட்ட பாத்திரத்துத் தண்ணிய குடிச்சவங்களுக்குக் காலரா வர்ற வாய்ப்பும் அதிகம்.

குளோரின் போட்ட தண்ணிக்கும் இதே ஆபத்து உண்டு. வாய் அகலமான பாத்திரத்துல கையோட செம்பை விட்டு மொள்ளும்போது அழுக்கும் சேர்ந்து உள்ள போகும். அதோட வினைபுரிஞ்சே குளோரின் தீர்ந்துடும். அடுத்து வர்ற கிருமியைக் கொல்ல எதுவும் மிஞ்சாது.

இதுக்கான தடயம் கொல்கத்தாவுல ஏற்கெனவே கிடைச்சிருந்துச்சு. 1986-ல வெளியான ஒரு ஆய்வு. காலரா வந்த வீடுகள்ல சிலதுக்குக் குளோரின் கொடுத்தாங்க. சிலதுக்கு 'சொராய்', அதாவது கூஜா மாதிரி கழுத்து ஒடுங்கின மண்பாத்திரம் மட்டும். ரெண்டு பக்கமும் தொற்று நல்லாவே குறைஞ்சுது. கை நுழையாத கழுத்து, ஒரு மருந்து அளவுக்கு வேலை செஞ்சிருக்கு!

பெருவுக்கு அப்புறம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பான் அமெரிக்கன் சுகாதார அமைப்பும் ரெண்டையும் ஒண்ணா சேர்த்தாங்க. மூடியும் குழாயும் வெச்ச, வாய் குறுகின பிளாஸ்டிக் கேன். கூடவே அளந்து ஊத்துற நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச்சுல இருக்கிற அதே பொருள். பொலிவியாவுல இதைப் பயன்படுத்தின வீடுகள்ல வயிற்றுப்போக்கு 44 சதவீதம் குறைஞ்சுதுன்னு 1999-ல ஆய்வு வெளியாச்சு.

ஒரு எச்சரிக்கை: பாத்ரூம் கழுவுற, வாசனை சேர்த்த ப்ளீச்சைக் குடிதண்ணியில ஊத்திடாதீங்க. குடிநீருக்குன்னே விக்கிற குளோரின் மாத்திரை இருக்கு, அதுல போட்டிருக்கிற அளவுப்படி போடுங்க. அரை மணி நேரம் விட்டுக் குடிங்க. முக்கியமா, அந்தப் பாத்திரத்துக்கு ஒரு மூடியும் குழாயும் இருக்கட்டும்.