தூண் இல்லாத பிளசர்

எங்கள் கடமலைக்குண்டுப் பக்கம் அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு எந்தக் காரும் 'பிளசர்'தான். பெயர், மாடல் எல்லாம் தேவையில்லை. ஒரு விதத்தில் அதுவும் சரிதான்! 1950களில் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிறைஸ்லர் உடன்பாட்டில் பூட்டி விற்ற டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டிசோட்டோ டிப்ளமேட் மூன்றும் அடிப்படையில் ஒரே வண்டி. பாடியும் ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஒன்று; முன்பக்க கிரில், குரோமியப் பட்டை, பெயர் எழுத்து மட்டும் வேறு. ஒரே பிள்ளைக்கு மூணு சட்டை தைத்த கதை.

அமெரிக்காவில் பிளிமத்துக்குள்ளேயே 1954 முதல் பிளாசா, சவாய், பெல்வெடேர் என்று மூன்று படிகள். பிளிமத்தின் முதல் ஹார்ட்டாப் 1951-இல் பெல்வெடேர் என்ற பெயரில் வந்தது. இரும்புக் கூரைதான், ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் கிடையாது. கண்ணாடியை இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். நம்ம மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கூரையைத் தாங்கும் தூணை எடுத்தால் பாடி முறுக்கும். வேறிடத்தில் பலம் சேர்க்கணும். 1956-இல் வெள்ளை உடம்பும் பொன்னிறப் பட்டையுமாக வந்த ப்யூரி ஹார்ட்டாப் மொத்தமே 4,485. அமெரிக்கக் கம்பெனிகள் 1978 மாடலோடு இந்தத் தூணில்லாக் கார்களை நிறுத்திவிட்டன.

குர்லா வண்டிகளோ நாலு கதவு, நடுத்தூண் உள்ள செடான்கள். பழைய கார் வாங்க ஆசைப்படும் மாணவத் தம்பிகளே, பெயரையும் பட்டையையும் பார்த்து விலை பேசாதீர்கள். அவற்றைக் கழற்றி மாட்ட அரை நாள் போதும். கதவைத் திறந்து பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் நிற்கிறதா? அப்படியானால் அது ஹார்ட்டாப் இல்லை, விற்பவர் என்ன சத்தியம் பண்ணினாலும் சரி.