நீலச் சீருடையின் சம்பளக் கணக்கு

1918 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. லண்டன் விழித்தபோது நாற்சந்திகளில் நிற்க வேண்டிய காவலர்களைக் காணவில்லை. மாநகரக் காவல்துறையில் ஏறத்தாழ 12,000 பேர் பணிக்கு வர மறுத்திருந்தார்கள். பிரான்ஸில் போர் இன்னும் ஓயவில்லை. ஸ்காட்லாந்து யார்டைச் சுற்றியும் டவுனிங் தெருவிலும் ராணுவ வீரர்கள் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டார்கள். ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் அரசு காவலரை அனுப்பும். காவலரே வேலைநிறுத்தம் செய்தால் யாரை அனுப்புவது? மறுநாள் பிரதமர் லாயிட் ஜார்ஜ், காவலர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் மார்ஸ்டனையும் அவரது கூட்டாளிகளையும் தம் இல்லத்துக்கே வரவழைத்துப் பேசினார்.

காவலர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது ஆதிமுதல் இருந்துவந்த நியதி என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிட்டனில் அது 1918, 1919 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நடந்து முடிந்த ஒரு பேரத்தின் விளைவு. காவலர் ஓர் உரிமையை இழந்தார். அதற்கு ஈடாக, அவர் குடும்பம் கௌரவமாக வாழும் சம்பளத்தைத் தருவதாக அரசு ஏற்றுக்கொண்டது. சம்பளம் தேய்ந்த காலங்களில் பழைய உரிமைக்கான குரல் மீண்டும் எழுந்திருக்கிறது. தடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலையை மறப்பது சரியான வரலாறு ஆகாது.

ராபர்ட் பீல் 1829-இல் லண்டன் மாநகரக் காவல்துறையைத் தொடங்கியபோது, காவலர் வேலை கூலி குறைந்த வேலையாகவே அமைந்தது. இரவெல்லாம் நடை, கடும் கட்டுப்பாடு, மேலதிகாரியின் சொல்லே சட்டம். 1872 நவம்பரில் சம்பள உயர்வு கேட்டுக் காவலர்கள் தமக்குள் ஒரு குழு அமைத்தார்கள். அதன் செயலரைப் பணிநீக்கம் செய்ததும் சுமார் 180 பேர் ரோந்துக்குப் போக மறுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தாலும், மன்னிப்புக் கேட்ட பெரும்பாலோரை நிர்வாகம் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1890-இல் மறுபடியும் போ தெரு நிலையத்தில் எதிர்ப்பு வெடித்தது. இந்த முறை ஓய்வூதியம்தான் பிரச்சினை. ஆணையர் ஜேம்ஸ் மன்ரோவே அந்தப் பிரச்சினையில் அரசோடு ஒத்துப்போக முடியாமல் பதவி விலகியிருந்தார். போராடியவர்களில் சிலர் வேலை இழந்தார்கள். ஆனால் அதே ஆண்டில் நிறைவேறிய சட்டம் 25 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வூதியத்தை உரிமையாக்கியது.

வார ஓய்வு கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. ஜான் கெம்ப்ஸ்டர் என்பவர் 1893-இல் தொடங்கிய 'போலீஸ் ரிவ்யூ' இதழ் இதற்காக விடாமல் எழுதிவந்தது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் 1910-இல்தான் வந்தது.

அதே காலத்தில் ஜான் சைம் என்ற இன்ஸ்பெக்டர் தமக்குக் கீழிருந்த இரண்டு காவலர்களுக்காக மேலதிகாரிகளிடம் வாதாடினார். அந்த மோதல் வளர்ந்து அவரது வேலையைப் பறித்தது. சைம் அடங்கிப் போகவில்லை. துண்டறிக்கை, பொதுக்கூட்டம், சிறை, மீண்டும் பொதுக்கூட்டம் என்று அவர் வாழ்க்கை போனது. 1913-இல் அவர் தூண்டுதலால் பிறந்த ரகசியச் சங்கம், பின்னர் சிறைக் காவலரையும் சேர்த்துக்கொண்டு 'காவலர், சிறை அலுவலர் தேசியச் சங்கம்' என்று பெயர் பெற்றது. அதில் சேர்ந்திருப்பது தெரிந்தால் வேலை போய்விடும். அப்படியிருந்தும் அது வளர்ந்ததற்குச் சைமின் பிடிவாதத்தைவிடப் போர்க்கால விலைவாசியே பெரிய காரணம். 1914-ஐ ஒப்பிட 1918-இல் பிரிட்டனில் வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞன், பல ஆண்டு பணியாற்றிய காவலரைவிட அதிகம் சம்பாதித்தான். காவலருக்குக் கிடைத்த போர்க்காலப் படி ஓய்வூதியக் கணக்கில் சேராது. கணவன் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதிய உரிமை கிடையாது.

சங்கத்தில் முன்னின்ற தாமஸ் தீல் என்ற காவலரை 1918 ஆகஸ்ட் கடைசியில் பணிநீக்கம் செய்தார்கள். அதுதான் பொறி. சம்பள உயர்வு, விதவை ஓய்வூதியம், தீலுக்கு மீண்டும் வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம் ஆகியவற்றைக் கேட்டு, 29-ஆம் தேதி நள்ளிரவுக்குள் பதில் வேண்டும் என்று சங்கம் கெடு வைத்தது. அதிகாரிகள் அதை வெறும் மிரட்டலாக எண்ணினார்கள். ஆணையர் சர் எட்வர்ட் ஹென்றி ஊரிலேயே இல்லை, விடுப்பில் இருந்தார்.

இந்த ஹென்றியைப் பற்றி இந்திய வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் வங்காளத்தின் காவல்துறைத் தலைவராக இருந்தவர். 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பிரிவு அவர் காலத்தது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்திய அதிகாரிகளின் உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறை இன்றும் ஹென்றியின் பெயரிலேயே வழங்குகிறது. குற்றவாளியின் விரல் நுனியைப் படிக்கக் கற்றுக்கொடுத்த துறையின் தலைவரால், தம் காவலரின் வயிற்றுப்பாட்டைப் படிக்க முடியாமல் போயிற்று. வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ராணுவத் தளபதி நெவில் மக்ரெடி வந்தார்.

பிரதமர் இல்லத்துப் பேச்சில் காவலர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி கிடைத்தது. வாரச் சம்பளம் 13 ஷில்லிங் கூடி, குறைந்தபட்சம் 43 ஷில்லிங் ஆயிற்று. அதை ஓய்வூதியக் கணக்கிலும் சேர்த்தார்கள். விதவை ஓய்வூதியம் வந்தது, தீல் வேலைக்குத் திரும்பினார். சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அது முடியாது என்றார் லாயிட் ஜார்ஜ். போர் முடிந்ததும் அங்கீகாரம் வரும் என்று அதற்குப் பொருள் கொண்டு காவலர்கள் கொண்டாடினார்கள். அரசு அப்படிப் பொருள் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு நேர்ந்த துயரம் இந்த இடைவெளியில் முளைத்ததே.

மக்ரெடி சங்கத்தை ஒதுக்கிவிட்டுப் புதிய பிரதிநிதிக் குழுக்களை அமைத்தார். மறுபுறம், 1919 மார்ச்சில் டெஸ்பரோ பிரபு தலைமையில் அரசு ஒரு குழுவை நியமித்தது. அக்குழு கண்ட நிலை அரசுக்கே சங்கடமானது. பல ஊர்களில் காவலரின் சம்பளம், தனித்திறன் தேவைப்படாத கூலிவேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஊருக்கு ஊர் வேறு வேறு சம்பளம். நாடு முழுவதும் ஒரே அளவில், தொடக்கத்தில் வாரம் 70 ஷில்லிங், பின்னர் படிப்படியாக 90 ஷில்லிங் வரை தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பிரிட்டிஷ் காவல்துறை வரலாற்றில் இதற்கு இணையான தாவல் அதற்குமுன் இல்லை. கூடவே ஒரு மசோதாவும் வந்தது: காவலர் தொழிற்சங்கத்தில் சேரத் தடை, அவர்களைப் பணி மறுக்கத் தூண்டுவது குற்றம், சங்கத்துக்குப் பதிலாகச் சட்டமே அமைத்துக்கொடுக்கும் 'போலீஸ் ஃபெடரேஷன்'.

தன் உயிருக்கே உலை வைக்கும் மசோதாவைத் தடுக்கச் சங்கம் 1919 ஜூலை 31 இரவு வேலைநிறுத்தம் அறிவித்தது. முந்தைய ஆண்டின் வெற்றி கண்ணை மறைத்திருக்க வேண்டும். சம்பளக் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, மீதியிருந்தது சங்கத்தின் உயிர் மட்டுமே. போர் முடிந்து ஊர் திரும்பிய லட்சக்கணக்கான வீரர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். பணிக்கு வராதவர் நிரந்தரமாக நீக்கப்படுவார் என்று அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. லண்டனில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே வெளியே வந்தார்கள். பெரும்பாலான ஊர்களில் ஒருவரும் அசையவில்லை.

லிவர்பூல் வேறு கதை. அங்கே சம்பளமும் மோசம், அதிகாரிகளின் கெடுபிடியும் அதிகம். சுமார் 1,870 பேர் கொண்ட படையில் ஏறத்தாழ 950 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பக்கத்து ஊர்களான பர்க்கன்ஹெட்டிலும் பூட்டிலிலும் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்து வங்கி விடுமுறை நாட்கள் அவை. நகரின் லண்டன் சாலையிலும் ஸ்காட்லாந்து சாலையிலும் கும்பல்கள் கடைகளை உடைத்துச் சூறையாடின. ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. 'வேலியன்ட்' போர்க்கப்பல் மெர்சி ஆற்றுக்குள் வந்து நின்றது.

நாடு முழுவதும் 2,300-க்கு மேற்பட்ட காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தவர்களும், போர்முனையிலிருந்து பதக்கத்தோடு திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. எல்லோரும் ஓய்வூதியத்தை இழந்தார்கள். டெஸ்பரோ சம்பளத்தைப் பெற்றுத்தந்த இயக்கத்தைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அந்தச் சம்பளத்தை வாங்கியவர்கள் வேறு. 1919-இன் சட்டத்தை நியாயப்படுத்தும் எவரும் இந்த 2,300 குடும்பங்களின் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆகஸ்ட் 15-இல் மசோதா சட்டமானது. அடுத்த மாதமே அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பாஸ்டனில் அதே காட்சி. அங்கே காவலர் வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள், சீருடையைச் சொந்தக் காசில் வாங்கினார்கள், எலியும் பூச்சியும் நிறைந்த நிலையங்களில் படுத்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்ததற்காக அவர்களுடைய தலைவர்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ததும், செப்டம்பர் 9 அன்று 1,544 காவலரில் 1,117 பேர் வெளியேறினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் காவலருக்கு எதிராக உறுதியாக நின்று நாடறிந்தவரானார், 1923-இல் குடியரசுத் தலைவரும் ஆனார். வெளியேறியவர்களில் யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களுக்கு அதிகச் சம்பளமும் இலவசச் சீருடையும் கிடைத்தன. லிவர்பூலின் அதே கணக்கு.

பிரிட்டிஷ் சட்டத்தின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. 1922-இல் இங்கும் காவலரிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 33-ஆம் கூறும், 1966-ஆம் ஆண்டின் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதே வழியில் நடந்தன. தடை வந்தது, அதோடு பிரிட்டனில் பிறந்த சம்பள வாக்கு அதே அளவில் வரவில்லை. 1967-இல் டெல்லியிலும், 1973-இல் உத்தரப் பிரதேச ஆயுதப்படையிலும் கலகம் மூண்டது. 1979-இல் பஞ்சாபில் தொடங்கிய கிளர்ச்சி தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அந்த ஆண்டு ஜூனில் பொக்காரோவில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர்மீது ராணுவமே ஏவப்பட்டு உயிர்கள் பலியாயின. எட்டு மணி நேர வேலையும் வார விடுப்பும் கேட்டு நம் ஊர்க் காவலர் வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்த காட்சிகளையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். சட்டம் காவலரின் வாயைத்தான் கட்டியது, மனைவியின் வாயை அல்ல.

பிரிட்டனில் ஃபெடரேஷன் நெடுங்காலம் பல்லில்லாத அமைப்பாக இருந்தது. தொடக்கத்தில் உறுப்பினரிடம் சந்தா வசூலிக்கக்கூட அதற்கு உரிமை கிடையாது. 1970-களில் நிலை மாறியது. 1975-இல் பணவீக்கம் 24 விழுக்காட்டைத் தாண்டியது, அரசோ சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. காவலர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுப் போனார்கள். 1977-இல் ஃபெடரேஷன் மாநாடு வேலைநிறுத்த உரிமை கோரி வாக்களித்தது. 1919-இல் புதைத்த சொல் சட்டபூர்வ அமைப்பின் மேடையிலேயே எழுந்துவிட்டது. அரசு எட்மண்ட்-டேவிஸ் பிரபுவின் குழுவை அமைத்தது. வேலைநிறுத்த உரிமை இல்லாததையும் கணக்கில் கொண்டு அக்குழு 1978-இல் சராசரி 45 விழுக்காடு உயர்வு பரிந்துரைத்தது. தொழிற்கட்சி அரசு இரண்டு தவணையாகத் தருவதாகச் சொல்ல, 1979 மே மாதம் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர் உடனே முழுவதும் கொடுத்தார். ஐந்தாண்டு கழித்து, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ள அவர் நம்பியது அந்தக் காவலரையே.

2007-இல் அந்த ஏற்பாடும் கீறல் கண்டது. 2.5 விழுக்காடு உயர்வைச் செப்டம்பரிலிருந்து தராமல் டிசம்பரிலிருந்து தருவதாக உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித் முடிவெடுத்தார். ஆண்டுக் கணக்கில் உயர்வு 1.9 விழுக்காடாகச் சுருங்கியது. ஸ்காட்லாந்து அரசு முழுத் தொகையையும் கொடுத்தது எரிச்சலைக் கூட்டியது. 2008 ஜனவரியில் 20,000-க்கு மேற்பட்ட காவலர், பணியில் இல்லாத நேரத்தில், வெள்ளைத் தொப்பி அணிந்து லண்டன் தெருக்களில் நடந்தார்கள். 2012-இல், அரசுக்காக ஆய்வு செய்த டாம் வின்சர் பரிந்துரைத்த சம்பளச் சீரமைப்புக்கும் நிதிவெட்டுக்கும் எதிராக இன்னும் பெரிய ஊர்வலம். அதே ஆண்டு உள்துறை அமைச்சர் தெரசா மே ஃபெடரேஷன் மாநாட்டில் கூச்சலுக்கிடையே பேச வேண்டியிருந்தது.

அயர்லாந்தில் காவலர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். 1998 மே முதல் நாள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். மக்கள் அதற்கு 'நீலக் காய்ச்சல்' என்று பெயரிட்டார்கள். 2016 நவம்பரில் நான்கு வெள்ளிக்கிழமைகள் வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. முதல் வெள்ளிக்கு முந்தைய இரவு தொழிலாளர் நீதிமன்றம் புதிய சம்பளத் திட்டத்தை முன்வைத்தது, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. 1918-இல் லண்டன் அதிகாரிகள் அலட்சியப்படுத்திய கெடுவை, 98 ஆண்டுகளுக்குப் பின் டப்ளின் உரிய நேரத்தில் காதில் வாங்கிக்கொண்டது.

இங்கிலாந்து, வேல்ஸ் காவலர்களிடம் தொழில் நடவடிக்கை உரிமை வேண்டுமா என்று ஃபெடரேஷன் நேரடியாகக் கேட்டது 2013-இல். 1,33,108 பேருக்கு வாக்குச்சீட்டு போனது. வாக்களித்தவர்களில் 45,651 பேர், ஐந்தில் நான்கு பங்கு, வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் ஆதரித்தால்தான் கோரிக்கையை முன்னெடுப்பது என்று விதி வைத்திருந்தார்கள். வாக்களித்தவர்கள் மொத்தமே 42 விழுக்காடு. கோரிக்கை நின்றுபோனது. 1919-இன் தடை, 1996-ஆம் ஆண்டின் காவல் சட்டத்துக்குள் குடிபெயர்ந்து, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.