மருந்தும் துஆவும்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதனை இரவு பகலாக இறைத்து வெளியேற்றாவிட்டால், நீர் மேலெழுந்து சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துவிடும். 1956இல் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு, நிலத்தடியின் அழுத்தத்தை அளக்கவும் தணிக்கவும் இவ்வூர் கற்றிருக்கிறது. மனத்தின் அடியில் சேரும் அழுத்தத்தைத் தணிக்க நாம் எவ்வளவு கற்றிருக்கிறோம்?

பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்து குடியேறியவர்களின் நகரியம் இது. உற்றார் உறவினர் தொலைவில் இருக்க, வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் செய்தியை மறைக்கவே முற்படுகிறோம். மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்ற அச்சம் ஒரு புறம்; ஜின்னோ சூனியமோ என்ற ஐயம் மறுபுறம். மருத்துவரிடம் செல்வதா, தர்காவுக்குச் செல்வதா என்ற வினா அப்போது எழுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை என்பதை வரலாறு காட்டுகிறது.

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். அச்சம், கவலை, சினம் முதலியவை உள்ளத்துக்கு வரும் நோய்கள் என்றும், உடலுக்கு மருந்து சேமித்து வைப்பதுபோல நல்ல சிந்தனைகளை உள்ளத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் சித்தம் கலங்கியோர்க்குத் தனிப்பகுதி இருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த மருத்துவமனையில் நீரூற்றின் ஓசையும் சிகிச்சையின் பகுதியாயிற்று. அக்காலத்து மருத்துவமனைகளிலும் மூர்க்கமுற்றோரைக் கட்டிவைத்தது உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நோயாளியை நோயாளியாகக் கண்டு, மருந்தும் பரிவும் ஒருங்கே தந்த மரபு நம்முடையது.

மருத்துவமே நோயாளியை அறிய மறுத்த காலங்களும் உண்டு. 1851இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைத்தளையிலிருந்து கறுப்பின மக்கள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டு எழுதினார். விடுதலை வேட்கை நோயாயிற்று. விலங்கு மாட்டியவன் நலமுள்ளவன் ஆனான்! அக்கொடுமையின் நிழல் எளிதில் அகலவில்லை. 1998இல் இங்கிலாந்தின் நார்விச்சில், டேவிட் பென்னட் என்னும் ஜமைக்கா நாட்டில் பிறந்த கறுப்பின நோயாளி, மனநல மருத்துவமனையிலேயே ஊழியர்கள் தரையோடு அழுத்திப் பிடித்திருந்த நிலையில் உயிரிழந்தார். பின்னர் நடந்த விசாரணை, அந்நாட்டு மருத்துவத் துறையில் இனப் பாகுபாடு வேரோடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு கறுப்பின மருத்துவர் என்பதும், அவருக்குப் பாடம் கற்பித்தவர்கள் முஸ்லிம் நோயாளிகள் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தி. மார்த்தினிக் தீவில் 1925இல் பிறந்த ஃபிரான்ஸ் ஃபனோன், 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் பெண்களின் பிரிவில் கொண்டாட்டம், திரைப்படம், செய்தியிதழ் எனப் பல ஏற்பாடுகளைச் செய்தார், நற்பயன் கிட்டியது. அதே முறையை முஸ்லிம் ஆண்களின் பிரிவிலும் புகுத்தினார். அங்கு அது முற்றிலும் தோற்றது. நோயாளிகளைக் குறைகூறாமல் தம் முறையையே அவர் ஐயுற்றார். அம்மக்களின் வழக்கப்படி ஒரு காப்பிக்கடையை மருத்துவமனைக்குள் அமைத்தார், அவர்களுடைய பெருநாள்களைக் கொண்டாடச் செய்தார், கதைசொல்லியை வரவழைத்தார். அதுவரை ஒதுங்கியிருந்தோர் ஒன்றுகூடத் தொடங்கினர்.

நைஜீரியாவில் 1954இல் அடியோயே லாம்போ என்னும் மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அபியோகுட்டா நகரையடுத்த அரோவில், நோயாளியை உறவினர் ஒருவரோடு சுற்றுக் கிராமங்களில் தங்கவைத்து, பகலில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். நாட்டு வைத்தியர்களையும் புறக்கணிக்காமல் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், செய்யிது இப்ராஹீம் ஷஹீது ஒலியுல்லாஹ் அவர்களின் தர்காவுக்குச் சாதி மத வேறுபாடின்றி மக்கள் நோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகின. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மடிந்தன. உறவினர் நலம்பெற வேண்டி விட்டுச்சென்ற உயிர்கள் அவை!

அதன்பின் அக்காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்தோரை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளிகளைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் மக்களுக்கு உணர்த்துமாறு 2002இல் அரசுகளுக்கு ஆணையிட்டது. சங்கிலியை அறுத்த அந்த ஆணையை நாம் நன்றியோடு வரவேற்க வேண்டும். எனினும், ஏர்வாடியானாலும் குணசீலமானாலும், நம்பி வருகின்ற கால்களை ஆணை ஒன்றினால் மட்டும் நிறுத்திவிட முடியுமா?

விடை குஜராத்திலிருந்து கிடைத்தது. மேசானா மாவட்டம் உனாவாவில், மீரா தாதார் தர்காவில், 2008இல் ‘தவா, துஆ’ என்னும் திட்டம் தொடங்கியது. தவா என்றால் மருந்து. துஆ ஓதும் முஜாவிர்களே நோய்க்குறிகளை அறியப் பயிற்சி பெற்று, வருவோரைத் தர்கா வளாகத்திலிருக்கும் மருத்துவரிடம் அனுப்பிவைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று தடை விதித்தது. 2022முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை பெறவும் வழியுண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். நோய்க்கு மருந்து தேடுமாறும் பணித்தார்கள். ஆதலின் மருத்துவமனைக்குச் செல்பவன் ஈமான் குறைந்தவன் அல்லன். தர்காவுக்குச் செல்பவன் அறிவற்றவனும் அல்லன். பிளிதாவில் ஃபனோன் கற்றதுபோல, நோயாளியின் மொழியையும் மார்க்கத்தையும் வழக்கத்தையும் மதிப்பது மருத்துவரின் கடமை. அந்த மதிப்பைக் கேடயமாக்கி, நோயைச் சங்கிலிக்குள்ளும் இருட்டறைக்குள்ளும் ஒளிக்காமலிருப்பது நம் கடமை.

ஆலிம்கள் ஜும்ஆ மேடைகளில் இதனைப் பேச வேண்டும். பெற்றோர் மறைக்காமல் காலத்தோடு சிகிச்சை தேட வேண்டும். நலம்பெற்று மீண்டவர்க்கு வேலையும் மணவாழ்வும் மறுக்காத மனம் நம் ஜமாஅத்துகளுக்கு வாய்க்க வேண்டும். நோய்களைக் குணப்படுத்தும் வல்ல அல்லாஹ், அந்நல்வழியை நமக்கு எளிதாக்கித் தருவானாக!