ஜீப் கம்பெனியின் விலைபோகாத காரும் கால் மைல் பந்தயமும்

வில்லிஸ் என்ற பெயரைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு ஜீப்தான் கண்முன் நிற்கும். 1940களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி பாகங்களை வரவழைத்துப் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது அந்த ஜீப்பைத்தான். கலெக்டர் ஆபீஸ், பொதுப்பணித் துறை, போலீஸ் ஸ்டேஷன், தேர்தல் பிரசாரம் என்று அது போகாத இடம் கிடையாது. அதே வில்லிஸ் கம்பெனி ஜீப்புக்கு முன்னால் ஒரு சின்னக் காரும் செய்து விற்றது. விற்றது என்று சொல்வதைவிட விற்கப் பார்த்தது என்று சொல்லலாம். அன்று யாரும் விரும்பி வாங்காத அந்தக் கார், பிற்பாடு அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் உருவான ஒரு வகைப் பந்தயக் கார்களுக்கு ராஜாவாக ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பந்தயக் கார்களுக்கு ‘கேஸர்’ என்று பெயர். சமையல் கேஸை நினைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் பெட்ரோலைத்தான் கேஸ் என்பார்கள். பங்க்கில் எல்லோருக்கும் ஊற்றும் பெட்ரோலில் ஓடும் கார் என்பதால் கேஸர். ஒரு படத்தைப் பார்த்தால் போதும், மறக்காது. மூக்கு ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருக்கும். மாட்டு வண்டியில் பின்பக்கம் ஆள் அதிகம் ஏறிவிட்டால் நுகத்தடி மேலே எழும்புமே, அந்த மாதிரி. முன் சக்கரம் சைக்கிள் டயர் போல ஒல்லி, பின் சக்கரம் தடி. ஷோவுக்காகச் செய்த அலங்காரம் என்றுதான் இன்று படத்தைப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது அலங்காரம் இல்லை. காசில்லாத ஒருவன் கையில் கிடைத்த சாமானை வைத்து ஜெயிக்கப் பார்த்ததன் அடையாளம்தான் அந்த உருவம் முழுக்க.

முதலில் பின்னணி. 1932-இல் ஃபோர்டு கம்பெனி சாமானியன் வாங்கும் விலையில் 65 குதிரைசக்தி வி-8 எஞ்சின் போட்ட காரை இறக்கியது. அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரன் வண்டி. சில வருஷத்தில் அந்த வி-8 கார்கள் பழசாகி காயலான் கடைக்கு வந்தன. கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டு, பம்பர் என்று கழற்றக் கூடியதையெல்லாம் கழற்றி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இல் இதற்காகத் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சங்கமே ஏற்பட்டது. ‘ஹாட் ராட்’ என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் போர் வந்தது. பையன்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். விமான எஞ்சின், டாங்க், லாரி என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். கையில் தொழில், பையில் கொஞ்சம் பணம், உடம்பில் அடங்காத துடிப்பு. புதுக் கார் கிடைப்பது கஷ்டம், பழைய காருக்குப் பஞ்சமில்லை. ஏரிப்படுகை ஊருக்கு வெகு தூரத்தில் இருந்ததால், ராத்திரியில் ஊர்த் தெருவிலேயே சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். செத்தவர்களில் ஓட்டியவன் மட்டுமல்ல, ஓரமாக நடந்து போனவனும் உண்டு. பத்திரிகைகள் எல்லாம் ஹாட் ராட்காரனை ரவுடி என்றே எழுதின.

இங்கேதான் இரண்டு மனிதர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் சி. ஜே. ஹார்ட். ‘பாப்பி’ ஹார்ட் என்பார்கள். 1950-இல் இவர் கூட்டாளிகளோடு சேர்ந்து சான்டா அனா விமான நிலையத்தில் ஒரு ஓடுதளத்தைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டுப் பந்தயம் நடத்தினார். இன்னொருவர் வாலி பார்க்ஸ். ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் ஆசிரியர். 1951-இல் என்.எச்.ஆர்.ஏ. என்ற தேசியச் சங்கத்தை ஆரம்பித்தார். “பாதுகாப்புக்கே அர்ப்பணம்” என்ற பொருளில் அதற்கு ஒரு வாசகம் வைத்தார். தெருவில் ஓடுகிறவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவனுக்கு ஒரு இடம் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கட்சி. கால் மைல், அதாவது 1320 அடி. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதலில் கோட்டைத் தாண்டினவன் ஜெயித்தான். அவ்வளவுதான் பந்தயம்.

இடத்துக்கும் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. போருக்காகப் போட்ட விமானத் தளங்கள் நாடு முழுக்கச் சும்மா கிடந்தன. 1955-இல் முதல் தேசியப் பந்தயம் நடந்த கான்சாஸ் மாநிலத்து கிரேட் பெண்டும் அப்படி ஒரு தளம்தான். மழை பெய்து பந்தயம் பாதியில் நின்று, மீதி நவம்பரில் அரிசோனாவில் நடந்தது. நம் சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதுவும் போர்க்கால ஓடுதளம்தானே. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அதுதான் மைதானம். இரண்டு தேசத்திலும் குண்டு போடும் விமானத்துக்கு ஊற்றிய கான்கிரீட்டில் கார்ப் பிரியர்கள் விளையாடினார்கள்.

இனி கேஸர் வகுப்பு. எல்லாக் காரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் காசுள்ளவன்தான் ஜெயிப்பான். அதனால் விதி போட்டார்கள். காரின் எடையை எஞ்சினின் கொள்ளளவால் வகுப்பார்கள். வருகிற எண்ணைப் பார்த்து ஏ, பி, சி என்று வகுப்பு. சின்ன எஞ்சின் வைத்திருப்பவன் தன்னைப் போன்றவனோடு மோதலாம். எரிபொருள் பெட்ரோல் மட்டும். ஹெட்லைட், கண்ணாடி என்று தெருவில் போகிற காருக்கு வேண்டியது இருக்க வேண்டும். எஞ்சினைப் பின்னால் தள்ளி வைக்கலாம், ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்குதான். கிராங்க் ஷாஃப்ட்டின் நடு மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டுப் பட்டறைக்காரனைக் காப்பாற்றியது இந்த விதிப் புத்தகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

விதி வந்ததும் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். எடை குறைவாக, குட்டையாக, ஆனால் பெரிய எஞ்சினை விழுங்கக் கூடியதாக எந்தக் கார் இருக்கிறது? வில்லிஸ்!

ஓஹையோ மாநிலம் டொலீடோவில் இருந்த வில்லிஸ்-ஓவர்லாண்டு கம்பெனி, 1930களின் பொருளாதார மந்தத்தில் திவாலாகி, 1933-இல் கடைசி முயற்சியாக ‘77’ என்ற மாடலை இறக்கியது. 100 அங்குல வீல்பேஸ், நான்கு சிலிண்டர், 134 கன அங்குல எஞ்சின், 48 குதிரை. அமெரிக்கனுக்கு அது பொம்மை மாதிரி. பார்க்கவும் அவலட்சணம் என்றார்கள். அதே எஞ்சினைத்தான் பிறகு பார்னி ரூஸ் என்ற இஞ்சினியர் செப்பனிட்டு 60 குதிரைக்கு ஏற்றினார். அது ராணுவ ஜீப்புக்குப் போனது. நம் ஊர் ஜீப்பில் ஓடிய 2.2 லிட்டர் எஞ்சினின் தாத்தா இதுதான். 1942-இல் போருக்காகக் கார் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1950களில் பழைய வில்லிஸ் கார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. ஓஹையோவின் ஜார்ஜ் மாண்ட்கோமரி ஒரு 1933 வில்லிஸை எடுத்து, தேசியப் பந்தயங்களில் ஜெயித்து, ‘ஓஹையோ ஜார்ஜ்’ என்று பெயர் வாங்கினார்.

மற்ற சாமான் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எஞ்சினுக்கு மேலே தலைப்பாகை போல உட்கார்ந்திருக்குமே சூப்பர்சார்ஜர், அது பந்தயத்துக்குச் செய்ததே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல் எஞ்சினின் புளோயர் அது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர். டூ-ஸ்ட்ரோக் டீசல் தானாகக் காற்றை உறிஞ்சாது, ஊதிக் கொடுக்க வேண்டும். பஸ், லாரி, போரில் கரைக்கு ஆள் இறக்கிய படகு என்று எங்கும் அந்த எஞ்சின் ஓடியது. அதன் புளோயரைப் பழைய சாமானில் பிடித்து, பெட்ரோல் வி-8 தலையில் ஏற்றி, பெல்ட் போட்டுச் சுற்றவிட்டார்கள். டீசல் பட்டறையில் காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

கியர்பாக்ஸ்? பலர் போட்டது ஹைட்ராமேடிக் என்ற நான்கு கியர் ஆட்டோமேடிக். குடும்பக் காருக்கு வந்தது, போரில் இலகு ரக டாங்க்கிலும் ஓடியது. பின் டயர், வழுவழுவென்று ரீட்ரெட் செய்த ரப்பர். முன் ஆக்சில், பிக்கப் லாரியிலிருந்தோ வேனிலிருந்தோ கழற்றிய ஒற்றை இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். நம் புதுப்பேட்டைக்காரர்கள் அங்கே பிறந்திருந்தால் கொடிகட்டிப் பறந்திருப்பார்கள்.

மூக்கு ஏன் மேலே? கார் சீறிக் கிளம்பும்போது பாரம் பின்னால் சாயும். பாரத்தின் மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகம் சாயும். ஒரு கணக்கு: 1000 கிலோ கார், வீல்பேஸ் இரண்டரை மீட்டர், புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் முடுக்கம். மையம் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் 192 கிலோ பின்னால் போகும். 75 செ.மீ. என்றால் 240 கிலோ. அன்றைய டயருக்குப் பிடிப்பு கிடையாது, இருந்த இடத்திலேயே புகை கிளப்பும். அந்த 48 கிலோவுக்காகத்தான் காரை ஏணியில் ஏற்றினாற்போல் தூக்கினார்கள். ஆனால் உயரத் தூக்கிய கார் ஸ்டியரிங்குக்கு அடங்காது. கொஞ்சம் விலகினால் புரளும்.

அதைவிடப் பயங்கரம் கிளட்ச். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை அது தாங்காத சுற்றுக்குச் சுழற்றினால் வெடிகுண்டு மாதிரி சிதறும். தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வருவது ஓட்டுகிறவன் பாதத்துக்குத்தான். காலை இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் கிளட்ச்சைச் சுற்றித் தடித்த எஃகுக் கவசம் வேண்டும் என்று சங்கம் கட்டாயப்படுத்தியது. வீட்டில் வெல்டிங் வைத்துச் செய்த காரைப் பந்தயத்துக்கு முன் பரிசோதகர் குனிந்து பார்த்து, திருப்தி இல்லை என்றால் திருப்பி அனுப்பினார். அப்போது பையன்கள் முணுமுணுத்தார்கள். அதனால் பிழைத்த கால்கள் எத்தனையோ.

1960களின் நடுவில் இவர்கள் சினிமா நட்சத்திரம் மாதிரி ஆனார்கள். சூப்பர்சார்ஜர் வைத்த வில்லிஸ் கால் மைலைப் பத்து வினாடிக்குள் தாண்டியது. கேம் ஷாஃப்ட் செய்யும் கம்பெனிகள், எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள், எங்கள் சாமான் போட்டவன்தான் ஜெயித்தான் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரச் சண்டை போட்டார்கள். ‘பிக் ஜான்’ மஸ்மேனியன் என்ற அர்மேனிய வம்சாவளிக்காரரின் சிவப்பு 1941 வில்லிஸ் ஒரு பக்கம். எதிரில் ஸ்டோன்-வுட்ஸ்-குக் கூட்டணியின் நீல வில்லிஸ். ‘மோசடிக்காரன்’ என்ற அர்த்தத்தில் ‘ஸ்விண்ட்லர்’ என்று அதற்குப் பெயர். ஃபிரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பர்கள், காரின் சொந்தக்காரர்கள். டக் குக் வெள்ளையர், அவர்களிடம் கார் ஓட்டியவர். சிவில் உரிமைச் சட்டம் 1964-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வில்லிஸ் கிடைக்காதவர்கள் 1955 செவர்லே இரண்டு கதவு செடானைப் பிடித்தார்கள். அந்த வருஷம்தான் செவர்லேயின் சின்ன வி-8 வந்தது. மலிவு, லேசு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். கார் மட்டும் கனம். அதனால் தனித்தனி முன் சஸ்பென்ஷனைப் பிடுங்கிப்போட்டு ஒற்றை ஆக்சில் வைத்தார்கள், முன் மூடியை ஃபைபர் கிளாஸில் செய்தார்கள், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு வைத்தார்கள். சேலத்திலும் கோவையிலும் இங்கிலீஷ் படம் பார்த்தவர்கள் அந்தக் காரைப் பார்த்திருக்கலாம். 1971-இல் ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்துக்காகச் செய்த 1955 செவர்லே, கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டு 1973-இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யிலும் வந்தது. அதை ஓட்டிய இளைஞர் ஹாரிசன் ஃபோர்டு.

அந்தப் படம் வந்தபோது கேஸர் காலம் முடிந்துகொண்டிருந்தது. புதிய டயர்கள் நன்றாகப் பிடித்தன, மூக்கைத் தூக்க வேண்டிய காரணமே போயிற்று. கார் கம்பெனிகளே பணத்தோடு உள்ளே வந்தன. ‘ஃபன்னி கார்’ என்று, கண்ணாடி இழைச் சட்டையை மேலே மாட்டிய நைட்ரோ எரிபொருள் வண்டிகள் கூட்டத்தை இழுத்தன. ஓஹையோ ஜார்ஜே 1967-இல் வில்லிஸை விட்டு மஸ்டாங் உடம்புக்கு மாறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை வேலை என்றிருந்த ஆசாமிக்குக் கட்டுப்படியாகவில்லை. கொட்டகையில் கார்கள் துருப்பிடித்தன, சில கைமாறின, பல நசுக்கப்பட்டன.

இப்போது அவற்றைத் தேடி அலைகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள். அசல் இரும்பு வில்லிஸ் கூடு அபூர்வம் என்பதால் ஃபைபர் கிளாஸில் அச்சு வார்த்து விற்கிறார்கள். 1967-க்குப் பிந்தைய தோற்றம் எதுவும் கூடாது என்று விதி வைத்துப் பந்தயம் நடத்தும் குழுக்கள் இருக்கின்றன. உள்ளே இரும்புக் கூண்டு, நல்ல பெல்ட், எஃகுக் கவசம் எல்லாம் இன்றைய தரத்தில். மூக்கு மட்டும் பழையபடி மேலே. பழைய வேன் ஆக்சில் கிடைப்பது குறைந்துவிட்டதால், அதையும் இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள்.